ஓசியில் பார்க்கும் உலகம்: லண்டன் அருங்காட்சியகங்களின் கதை

‘ஓசி’ என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. கிழக்கிந்தியக் கும்பெனியின் அலுவல் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது, அவற்றின் மேல் குத்திய ஆங்கில முத்திரையின் முதலெழுத்துகள்தான் நம் நாவில் ‘ஓசி’ ஆயின என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ பொய்யோ, இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமானது. அந்தக் கும்பெனியின் தலைநகரான லண்டனில் இன்று உலகத்தின் பெரும் கலைச் செல்வங்களை ஓசியிலேயே பார்க்கலாம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல வீடுகளில் பிள்ளைகள் லண்டனில் வேலை பார்க்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் பெரியவர்கள் திரும்பி வந்து ஆச்சரியத்தோடு சொல்கிற முதல் விஷயம், “மியூசியத்துக்கு டிக்கெட்டே கிடையாதுங்க!” என்பதுதான். பாரிசில் லூவ்ருக்குப் பணம் கட்ட வேண்டும். ரோமில் வாத்திகன் அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. லண்டனில் மட்டும் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், சயன்ஸ் மியூசியம், டேட் என்று பெரிய இடங்களெல்லாம் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. இந்த இலவசம் எப்படி வந்தது? இதற்கு யார் பணம் கொடுத்தார்கள்? சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு வைத்தியரும் ஒரு லாட்டரியும்

அயர்லாந்தில் 1660இல் பிறந்த ஹான்ஸ் ஸ்லோன் லண்டனில் பெரிய பெயரெடுத்த வைத்தியர். செடி கொடி, நாணயம், ஓலை, கல், சிப்பி, கையெழுத்துப் பிரதி என்று எதையும் விடாமல் சேர்த்தவர். 1753இல் அவர் இறந்தபோது சேகரிப்பில் 71,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. தம் வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்தால் மொத்தத்தையும் நாடு எடுத்துக்கொள்ளலாம் என்று உயில் எழுதி வைத்திருந்தார்.

அரசாங்கத்திடம் அந்தப் பணத்தைக் கொடுக்க மனமில்லை. நாடாளுமன்றம் கண்ட வழி லாட்டரி! சீட்டு ஒன்று 3 பவுண்டு வீதம் ஒரு லட்சம் சீட்டுகள். 3,00,000 பவுண்டு வசூலில் 2,00,000 பரிசுக்குப் போக, செலவு நீங்கி ஏறத்தாழ 95,000 பவுண்டு மியூசியத்துக்குக் கிடைத்தது. லாட்டரி என்றால் தில்லுமுல்லு இல்லாமலா? சீட்டு விற்பனையில் முறைகேடு செய்ததற்காக பீட்டர் லெஹூப் என்ற அதிகாரிக்கு 1,000 பவுண்டு அபராதம் போட்டார்கள். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அண்ணா காலத்தில் நம் பரிசுச் சீட்டுக்குச் சொன்னார்களே, அந்தக் கணக்கில் பிறந்ததுதான் பிரிட்டிஷ் மியூசியம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்லோனின் செல்வம் வைத்தியத்தால் மட்டும் வந்ததல்ல. அவருடைய மனைவிக்கு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வருமானம் வந்தது. அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். இந்த உண்மையை எடுத்துச் சொல்லும் வகையில், ஸ்லோனின் மார்பளவுச் சிலையை 2020இல் விளக்கக் குறிப்போடு ஒரு கண்ணாடிப் பேழைக்குள் மாற்றி வைத்தார்கள்.

இலவசம்தான், ஆனால் நுழைய முடியாது

1759 ஜனவரி 15ஆம் தேதி, ப்ளூம்ஸ்பரியில் மாண்டேகு மாளிகையில் மியூசியம் திறந்தது. கற்கவும் அறியவும் ஆவலுள்ள எல்லாருக்கும் இலவசம் என்றார்கள். நடைமுறை வேறு. முதலில் பெயர், நிலை, முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஆளைப் பற்றித் திருப்தியானால்தான் சீட்டு. அதை வாங்க ஒரு தடவை, பார்க்க இன்னொரு தடவை நடக்க வேண்டும். சிறு கூட்டமாகச் சேர்த்து ஓர் அலுவலர் விறுவிறுவென்று அழைத்துப் போவார். கூலிக்காரனுக்கு இதற்கெல்லாம் நேரமேது?

பர்மிங்காமைச் சேர்ந்த புத்தக வியாபாரி வில்லியம் ஹட்டன் 1784இல் லண்டன் வந்தபோது, வேறொருவரிடம் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் கொடுத்து இந்த ‘இலவச’ச் சீட்டை வாங்கினார். பிளாக்கில் டிக்கெட் வாங்குவது நம் ஊர் சினிமாக் கொட்டகையில் மட்டும் நடந்ததல்ல! உள்ளே போனவரை அரைமணி நேரத்தில் எல்லா அறைகளையும் ஓட்டமாகக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு பொருளைப் பற்றி விளக்கம் கேட்டதற்கும் ஒழுங்கான பதில் இல்லை. அந்த ஏமாற்றத்தை அவர் மறுவருடம் புத்தகமாகவே எழுதி அச்சிட்டார்.

1810இல்தான் வாரத்தில் மூன்று நாள், கௌரவமான தோற்றமுடைய யாரும் சீட்டில்லாமல் வரலாம் என்றானது. 1837 ஈஸ்டர் திங்களன்று முதன்முறையாக விடுமுறை நாளில் திறந்தபோது ஒரே நாளில் இருபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். சாமான்கள் உடைந்துபோகும், கலவரம் வரும் என்று பயந்தவர்களுக்கு அந்தக் கூட்டமே பதில் சொன்னது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை திறக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓய்வுநாளில் கேளிக்கை கூடாது என்று மதப்பற்றுள்ளவர்கள் தடுத்து வந்தார்கள். ஆறு நாளும் ஆலையில் உழைப்பவனுக்கு அந்த ஒரு நாளும் கதவு மூடியிருந்தால் இலவசம் யாருக்கு?

சாராயக் கடைக்குப் போட்டி

இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் எடுத்துக்கொண்டவர் ஹென்றி கோல். 1851இல் ஹைடு பார்க்கில் கண்ணாடி மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சியை நடத்தியவர்களில் முக்கியமானவர். அறுபது லட்சம் வருகைகள், 1,86,000 பவுண்டு லாபம். அந்த லாபத்தில் சவுத் கென்சிங்டனில் வாங்கிய நிலத்தில்தான் இன்றைய பெரிய அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. கோல் 1857இல் அங்கே திறந்த அருங்காட்சியகம்தான் பின்னாளில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் ஆனது.

கேஸ் விளக்கு போட்டு இரவிலும் திறந்து வைத்தார் கோல். சாயங்காலம் வேலை முடிந்த தொழிலாளி சாராயக் கடைக்குப் போகாமல் மனைவி மக்களோடு இங்கே வரட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். வந்தவர்களுக்குச் சாப்பிட உணவகமும் வைத்தார். ஆனால் எல்லா நாளும் இலவசமில்லை. வாரத்தில் சில நாள்கள் மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அன்றைக்கு மற்றவர்கள் வந்தால் ஆறு பென்ஸ் கட்டணம்.

ஓவியங்களின் கதை கொஞ்சம் வேறு. 1824இல் நாடாளுமன்றம் 57,000 பவுண்டு கொடுத்து, ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகரின் 38 ஓவியங்களை வாங்கியது. அதுவே நேஷனல் கேலரியின் தொடக்கம். 1838இல் அது டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த காலத்தில் ஓவியங்களையெல்லாம் வேல்ஸ் நாட்டு மலைச் சுரங்கம் ஒன்றுக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். ஆனால் நகரத்து மக்கள் படம் வேண்டும் என்று கேட்டார்கள். 1942 முதல் மாதம் ஒரே ஓர் ஓவியத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இடிபாடுகளுக்கு நடுவே அந்த ஒற்றைப் படத்தைப் பார்க்கச் சனங்கள் வந்தார்கள். ‘எங்கள் சொத்து’ என்ற எண்ணம் அந்த மக்களுக்கு எவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கட்டணம் வந்தது, போனது, மறுபடி வந்தது

இலவசம் என்றாலே நமக்குத் தேர்தல் ஞாபகம் வரும். அங்கேயும் இது அரசியல்தான். 1974 ஜனவரியில் ஹீத் தலைமையிலான கன்சர்வேடிவ் அரசு தேசிய அருங்காட்சியகங்களுக்குப் பத்து பென்ஸ் கட்டணம் விதித்தது. அப்போது கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். தேர்தலில் ஆட்சி மாறியது. மூன்றே மாதத்தில் கட்டணம் போச்சு. பிறகு தாட்சர் பிரதமரான காலத்தில், 1980களின் பிற்பகுதியில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் சயன்ஸ் மியூசியமும் டிக்கெட் போட்டன. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் டேட்டும் மட்டும் பிடிவாதமாக மறுத்து நின்றன.

இதற்குள் வாட் வரியிலும் ஒரு வேடிக்கை இருந்தது. டிக்கெட் விற்கும் மியூசியம் வியாபாரக் கணக்கில் வரும். தான் செலுத்திய வரியைத் திரும்பப் பெறலாம். இலவசமாகத் திறந்தால் வியாபாரமில்லை. வரி திரும்ப வராது. அதாவது தர்மம் செய்தால் தண்டம்! 2001 பட்ஜெட்டில் இந்த விதியைத் திருத்தினார்கள். 1999இல் குழந்தைகளுக்கும், 2000இல் அறுபது கடந்தவர்களுக்கும், 2001 டிசம்பர் 1 முதல் எல்லாருக்கும் கட்டணம் நீங்கியது. கட்டணம் நீக்கிய இடங்களுக்கு அதற்குமுன் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் வருகைகள். பத்து ஆண்டில் அது ஏறத்தாழ 180 லட்சமாக உயர்ந்தது.

ஆனால் வருகிறவர்களில் வசதியும் படிப்பும் உள்ளவர்களே இன்னும் அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான குறைதான். கதவைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே போகலாம், இது நமக்கான இடம் என்ற தைரியமும் வேண்டும்.

நம் பொருளும் அங்கே

நமக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் தனி அறையில் நிற்கின்றன அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்கள், நூற்றுக்கும் மேற்பட்டவை. கிருஷ்ணா நதிக்கரையில் 1845இல் அகழ்ந்தெடுத்தவர் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட். சென்னைக்கு வந்து கிடந்த கற்களில் பெரும் பகுதி 1859இல் கப்பலேறியது. மீதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே ஸ்தூபம், இரண்டு நகரங்களில் பாதி பாதி! ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799இல் கைப்பற்றிய திப்புவின் மரப்புலி விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் சொத்து. சோழர் கால நடராசரும் அங்கே உண்டு.

எல்லாப் பொருளும் திரும்பாமல் போகவில்லை. திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் பாழடைந்த சிவன் கோயிலருகே 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசர் கள்ளத்தனமாக லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடாக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கி, பழுது பார்க்க பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் இந்திய அரசோடும் தமிழக அரசோடும் அந்தக் கோயிலும் வாதியாக நின்றது. பூசையில்லாமல் கிடந்த கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று இங்கிலாந்து நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 1991இல் நடராசர் திரும்பினார். ஆனால் மியூசியத்துக்கே சொந்தமான பொருள்களின் விஷயம் வேறு. 1963ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் கொடுத்துவிடப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கிரேக்கர்கள் பார்த்தினன் சிற்பங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்ததற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று.

இந்த நிலையில்தான் 2024இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் தற்காலிக இயக்குநராக இருந்த மார்க் ஜோன்ஸ், வெளிநாட்டுப் பயணிகளிடம் 20 பவுண்டு வாங்கலாம் என்று கருத்துச் சொன்னார். உள்ளூர்க்காரர்கள் வரி கட்டுகிறார்கள், வெளியூர்க்காரர் ஏன் சும்மா பார்க்க வேண்டும் என்பது வாதம். கேட்டால் நியாயம் போலத்தான் தெரிகிறது. நாமும் தாஜ்மகாலில் வெளிநாட்டாரிடம் பல மடங்கு வாங்குகிறோமே! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தாஜ்மகால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அமராவதிக் கல் அப்படியில்லை. குண்டூரிலிருந்து போகிறவர் விசாவுக்கும் விமானத்துக்கும் லட்சக் கணக்கில் செலவழித்து, தன் ஊர்க் கல்லைப் பார்க்க வாசலில் இன்னொரு தடவை பணம் கட்ட வேண்டுமா?

“உலகம் முழுவதற்குமான அருங்காட்சியகம் இது, அதனால்தான் பொருள்களைத் திருப்பித் தரவில்லை” என்பது அவர்கள் சொல்லிவரும் சமாதானம். அந்தச் சமாதானத்தைத் தாங்கி நிற்கிற தூணே இலவச அனுமதிதான். அதை எடுத்துவிட்டால் பேச்சு நிற்காது. லாட்டரிச் சீட்டு வாங்கிய லண்டன்வாசி, கரும்புத் தோட்டத்து அடிமை, சிற்பத்தை இழந்த ஊர், இன்று வரி கட்டும் குடிமகன் என்று எத்தனையோ பேர் ஏற்கெனவே கொடுத்த விலையில்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஒரே நாளில் எல்லாம் பார்க்க முயலாதீர்கள். இலவசம் என்பதன் பெரிய சௌகரியமே, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நாளை மறுபடி வரலாம் என்பதுதான். ஒரு தடவைக்கு இரண்டு அறை போதும். சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால் மூன்று அருங்காட்சியகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. எந்தக் கூடம் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது, முன்பதிவு தேவையா என்று முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் வாழ்ந்த வீட்டுக்குப் போகலாம். அவர் விட்டுப்போனபடியே வைத்திருக்க 1833இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதுவும் இலவசம்தான்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அமராவதி அறையில் கொஞ்சம் நின்று, இது எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் சென்னைக்குப் போகும்போது எழும்பூரில் மறு பாதியையும் காட்டுங்கள். பிறந்த மண்ணைவிட்டு வெளியூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு, இடம் பெயர்ந்த அந்தக் கற்களின் கதை சீக்கிரமே புரியும்.