தாழ்வாரம் இல்லாத விடுதி

2020 டிசம்பர் கடைசியில், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பழைய மாணவர்களுக்கு இயக்குநரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம், நூலகத்தை ஒட்டிய 4 மட்டும் இருக்கும் என்பதுதான் அதன் சாரம். கூரையில் ஒழுக்கு, சுவர்களில் விரிசல், பெயர்ந்து விழும் காரை, தங்குபவர்களின் உயிருக்கு ஆபத்து என்று காரணங்களும் சொல்லப்பட்டிருந்தன.

சில நாட்களுக்குள் உலகின் பல மூலைகளிலிருந்து எதிர்ப்பு கிளம்பிவிட்டது. உலக நினைவுச்சின்ன நிதியம் கவலை தெரிவித்தது. கானின் மூன்று பிள்ளைகளும் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள். டெல்லி பிரகதி மைதானத்தின் புகழ்பெற்ற ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தை 2017 ஏப்ரலில் ஒரே இரவில் தரைமட்டமாக்கியது எல்லோர் மனதிலும் ஆறாத காயமாக இருந்தது. அதே கதி இங்கேயும் நேர்ந்துவிடுமோ என்ற பயம்தான் கையெழுத்து இயக்கங்களுக்கு வேகம் கொடுத்தது. 2021 புத்தாண்டு தினத்தன்று நிறுவனம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒரு ஹாஸ்டலுக்கு ஏன் இவ்வளவு பரிவு? விடை அதன் வரைபடத்தில் இருக்கிறது.

ஐ.ஐ.எம். அகமதாபாத் தொடங்கியது 1961-ல். விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் முன்னின்றார்கள். பாடத்திட்டத்துக்குத் துணை நின்றது ஹார்வர்டு வணிகப் பள்ளி. வளாகத்தை வடிவமைக்க லூயி கானை அழைக்கலாம் என்று சொன்னவர் அகமதாபாத்தின் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி. 1962-ல் முதன்முறையாக வந்தபோது கானுக்கு வயது 61. அதே காலத்தில்தான் டாக்காவின் சட்டமன்ற வளாகமும் அவர் கைக்கு வந்தது. இனி அவருடைய ஆயுளில் பெரும்பகுதியைத் துணைக்கண்டத்தின் இந்த இரண்டு வேலைகளும் எடுத்துக்கொள்ளப் போகின்றன.

ஹார்வர்டு முறை என்றால் 'கேஸ்' முறை. ஒரு நிறுவனத்தின் சிக்கலை இருபது முப்பது பக்கங்களில் கொடுத்துவிடுவார்கள். இரவு முழுக்கப் படித்து, நான்கைந்து பேர் கூடி வாதிட்டு, காலையில் வகுப்பில் தங்கள் தரப்பை நிறுவ வேண்டும். ஆசிரியர் பேசி மாணவர் குறிப்பெடுக்கும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை. அப்படியானால் படிப்பில் பாதி வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கிறது. கான் இதைப் பிடித்துக்கொண்டார். விடுதியையும் பள்ளியின் ஓர் அங்கமாகவே வரைந்தார்.

நம் ஊர் ஹாஸ்டல்களை நினைத்துப் பாருங்கள். நீண்ட தாழ்வாரம், இரு பக்கமும் வரிசையாகக் கதவுகள், கோடியில் குளியலறை. கதவைச் சாத்திக்கொண்டால் பக்கத்து அறைக்காரர் யாரென்றே தெரியாமல் ஒரு வருடம் ஓட்டிவிடலாம். கான் அந்தத் தாழ்வாரத்தையே எடுத்துவிட்டார். தளத்துக்குப் பத்துப் பத்தாக அறைகள். அவை ஒரு மாடிப்படியையும் அதை ஒட்டிய தேநீர்க் கூடத்தையும் சுற்றி அமைந்தன. ஒவ்வொருவருக்கும் தனி அறை உண்டு. ஆனால் அறையை விட்டு வெளியே கால் வைத்தால் அந்தப் பொதுக்கூடத்தில்தான் வைக்க வேண்டும். குளிக்கப் போகிறவரும், சாப்பிடப் போகிறவரும், தூக்கம் வராமல் உலாத்துகிறவரும் அங்கே சந்தித்தே ஆக வேண்டும். வாதம் தொடங்க வேறென்ன வேண்டும்!

வெயிலையும் அவர் மறக்கவில்லை. தென்மேற்கிலிருந்து வரும் காற்று உள்ளே புகும்படி விடுதிகளைக் கோணலாகத் திருப்பி நிறுத்தினார். வெளிச்சுவரில் ஆளைவிடப் பெரிய வட்டத் திறப்புகள். அவற்றுக்குப் பின்னால் ஆழமான நிழல், அதற்கும் பின்னால்தான் அறை. ஏர்கண்டிஷனரை யாரும் எண்ணிப் பார்க்காத காலத்தில் குஜராத்தின் மே மாதத்துக்குச் சொல்லப்பட்ட பதில் இது.

செங்கல் வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அகலமான வில்வளைவு ஒன்றைக் கட்டினால் அதன் இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். அதைத் தடுக்கப் பழங்காலத்தில் பக்கச் சுவர்களைத் தடிப்பாக்கினார்கள். கான் வளைவின் இரண்டு பாதங்களையும் ஒரு கான்கிரீட் உத்தரத்தால் இழுத்துக் கட்டினார். நாணேற்றிய வில்லைப் போல, மேலே சிவப்புச் செங்கல், கீழே சாம்பல் நிறக் கட்டு. பூச்சு கிடையாது, வண்ணம் கிடையாது. கொத்தனார் வைத்த ஒவ்வொரு கல்லும் வெளியே தெரியும். அந்தச் சுவர்களில் அகமதாபாத் கொத்தனார்களின் கைவேலையும் பதிந்திருக்கிறது. கட்டட வரலாறுகள் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை என்பது பெரிய குறை.

வேலை முழுக்க முடிந்ததைக் கான் பார்க்கவில்லை. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் பென் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரவே சில நாட்களாயின. மிச்ச வேலையை அவருடன் பணியாற்றிய அனந்த் ராஜே எடுத்துச் செய்தார்.

பிறகு தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வந்தார்கள். 'டார்ம்' என்பதன் முதலெழுத்தோடு எண்ணைச் சேர்த்து டி-5, டி-15 என்றுதான் இன்றும் பழைய மாணவர்கள் தங்கள் விடுதியைச் சொல்வார்கள். எந்த ஆண்டுக்காரர் என்பதற்கு அடுத்து வரும் கேள்வி எந்த டார்ம் என்பது. திடீர் க்விஸ் பற்றிய செய்தி மாடிப்படியில் ஓடி இறங்கியது, நள்ளிரவில் வாசலுக்கு வெளியே டீக்கடைக்குப் போனது, வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு டையைக் கடன் வாங்கியது என்று அவர்கள் பேசுவதில் பெரும்பகுதி விடுதியைச் சுற்றியே வரும். இதே வளாகத்தில் படித்த சேத்தன் பகத், '2 ஸ்டேட்ஸ்' நாவலில் பஞ்சாபிப் பையனும் சென்னைத் தமிழ்ப் பெண்ணும் சந்திக்கும் இடமாக இதைத்தான் வைத்தார். அதன் இந்திப் படமும் இங்கே எடுக்கப்பட்டதால், கானின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்தச் செங்கல் வளைவுகளைப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் கட்டடத்தின் உடம்பு நலிந்துகொண்டே வந்தது. பூச்சில்லாத செங்கல் மழைநீரைக் குடிக்கும். உள்ளே வைத்த இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்த கம்பி கல்லைப் பிளக்கும். கல்லின் முகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் தூளாக உதிரும். 2001 ஜனவரி 26 பூகம்பம் இதையெல்லாம் மோசமாக்கியது. தலைமாட்டில் காரை விழும் அறையில் தூங்கச் சொல்வது நியாயமில்லை. நிர்வாகத்தின் இந்த வாதத்தை யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. பழைய மாணவர்களிலும் ஒரு சாரார் அதன் பக்கம் நின்றார்கள்.

விடுதியைக் காக்க டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கொமாபா விடுதியில் நடந்த போராட்டம் வேறு மாதிரி. 1935-ல் எழுந்த அந்தக் கான்கிரீட் விடுதியை மாணவர்களே நிர்வகித்தார்கள். 1996-ல் அதை மூடியதாகப் பல்கலைக்கழகம் அறிவித்த பிறகும் ஒரு பகுதியினர் வெளியேற மறுத்து, வழக்காடிக்கொண்டே தங்கியிருந்தார்கள். 2001 ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவின்படி வெளியேற்றப்பட்டார்கள், விடுதியும் போனது. அங்கே போராடியவர்கள் உள்ளே இருந்தவர்கள். அகமதாபாத்திலோ குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் என்றோ பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்களும், அங்கே ஒரு நாள்கூடத் தங்காத கட்டடக் கலைஞர்களும்.

அகமதாபாத் விடுதிகளைப் பழுதுபார்க்க முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. இதே வளாகத்தின் விக்ரம் சாராபாய் நூலகத்தை மும்பையைச் சேர்ந்த பிருந்தா சோமயாவின் நிறுவனம் சீரமைத்தது. 2019-ல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. விடுதிகளுக்கு முன்மாதிரியாக டி-15-லும் சீரமைப்பு வேலை நடந்தது. ஆனால் 2022 நவம்பரில் நிர்வாகம் மீண்டும் திசை திரும்பியது. பொறியியல் ஆய்வுகளைக் காட்டி, பழைய கட்டடங்கள் பலவற்றை வெளித்தோற்றம் மாறாமல் மறுபடி கட்டுவோம், உள்ளமைப்பை இன்றைய தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வோம் என்றது.

இந்தச் சமரசம்தான் உறுத்துகிறது. வெளி வளைவுகளும் வட்டங்களும் புகைப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு முக்கியம். அங்கே இரண்டு வருடம் வாழ்ந்தவர்களின் நினைவு முழுக்க உள்ளேதான் இருக்கிறது, அந்த மாடிப்படியிலும் தேநீர்க் கூடத்திலும். குளியலறை இணைந்த அறைகளை நீளத் தாழ்வாரத்தில் வரிசைப்படுத்தி, அதைப் பழைய செங்கல் முகத்தால் மூடினால், கான் எதை எடுத்தெறிந்தாரோ அதுவே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு திரும்பி வரும்.

கானின் வரைபடங்கள் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கூடத்தில் எத்தனை மணி வரை பேச்சு நடந்தது, எந்த மூலையில் காற்று வந்தது, எந்த மழையில் எந்தச் சுவர் முதலில் கசிந்தது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் கிடையாது. முதன்முதலாக அங்கே குடியேறியவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். புதிய வரைபடம் போடுகிறவர்கள் இப்போதே அவர்களை உட்கார வைத்துக் கேட்டு, சொல்வதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அளவு நாடாவை எடுப்பது அதற்கு அடுத்த வேலை.