டாட்டாவின் மூன்றாவது துறை: பெங்களூர் ஆராய்ச்சி வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம்

பீன்யா என்றால் நம் ஜனங்களுக்கு லேத்து, மில்லிங், பவுடர் கோட்டிங், மூன்று ஷிப்டு, இவ்வளவுதான் ஞாபகத்துக்கு வரும். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா இந்தப் பீன்யா தொழிற்பேட்டை ஷெட்டுகளில்தான் உருவானது என்று சொன்னால், இங்கேயே பல வருஷம் வேலை பார்த்தவர்கள்கூட "அப்படியா சார்?" என்று கேட்கிறார்கள். 1972-இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் ஆயிற்று. பேராசிரியர் யு.ஆர். ராவ் தலைமையில் இளைஞர்கள் கூட்டம் ஒன்று இந்த ஷெட்டுகளுக்குள் புகுந்தது. 360 கிலோ எடையுள்ள அந்தக் கோள் 1975 ஏப்ரல் 19-ஆம் தேதி சோவியத் நாட்டின் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து விண்ணில் ஏறியது. பெங்களூரில் அதன் தகவல்களை வாங்க வேறு இடம் அமையாமல், கழிப்பறை ஒன்றையே மாற்றி அமைத்துக்கொண்டதாக ராவ் அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரே வானியல், சூரிய இயற்பியல், மேல் வளிமண்டலம் என மூன்று ஆய்வுகள் அதில் இருந்தன. மின்வழங்கலில் கோளாறு வந்து சில நாட்களிலேயே அவை நின்றுபோயின. கோள் மட்டும் 1992 வரை பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதன் பெயர்தான். கொடுத்த மூன்று பெயர்களில் பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தது ஆரியபட்டா. கி.பி. 476-இல் பிறந்த அந்தக் கணித மேதையின் ஆரியபடீயம் ஓலையில் கிடந்த நூல். ஹெண்ட்ரிக் கெர்ன் என்ற டச்சு சமஸ்கிருத அறிஞர் அதை 1874-இல் லெய்டன் நகரில் பதிப்பித்தார். அவருக்கு ராக்கெட் தெரியாது. 101 வருஷம் கழித்துப் பீன்யாவில் செய்த கோளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, அவரைப் போன்ற ஓலை படித்தவர்கள் செய்துவைத்த வேலை பயன்பட்டது.

பீன்யாவிலிருந்து யஷ்வந்த்பூர் தாண்டினால் இந்திய அறிவியல் கழகம். பழைய ஆட்களுக்கு அது இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட்தான். 1898-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஒரு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்காகத் தம் சொத்தில் 30 லட்ச ரூபாய் மதிப்புள்ளதை எழுதித்தர முன்வந்தார். எங்கள் சமண மரபில் ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று நான்கு தானம் சொல்வார்கள். இது சாஸ்திர தானம். அந்தக் காலத்து 30 லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பது கணக்குப் புத்தகம் எழுதுகிறவனுக்குத்தான் உறைக்கும். அவருக்காகத் திட்டம் வகுத்தவர் பர்ஜோர்ஜி பாத்ஷா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். அந்த முதல் திட்டத்தில் மூன்று துறைகள் இருந்தன. ஒன்று அறிவியலும் தொழில்நுட்பமும். இரண்டாவது மருத்துவம். மூன்றாவது தத்துவமும் கல்வியும். இந்திய வரலாறு, தொல்லியல், மனோதத்துவம், கல்வி முறை எல்லாம் இதற்குள் அடக்கம்.

அந்த மூன்றாவது துறை எங்கே போயிற்று என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. அரசாங்கம் பணம் போட யோசித்தது. படித்து வெளியே வருகிறவனுக்கு வேலை எங்கே என்று கேட்டது. (நம் வீடுகளில் இன்றைக்கும் இதே கேள்விதான்.) ஆலோசனை சொல்ல லண்டனிலிருந்து வந்த வேதியியல் அறிஞர் வில்லியம் ராம்சே 1900-இல் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துப் பெங்களூரே ஏற்ற இடம் என்றார். ஆனால் தொழிலுக்கு உதவும் அறிவியல் பாடங்களை மட்டுமே சிபாரிசு செய்தார். மருத்துவமும் போயிற்று, வரலாறும் போயிற்று. 1904-இல் டாட்டா காலமானார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909 மே மாதம் அரசு ஆணை பிறந்தது. 1911-இல் வேதியியலிலும் மின்தொழில் நுட்பத்திலும் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். ராம்சேயைக் குறை சொல்ல மாட்டேன். உள்ள பணத்துக்குள் கடை போடச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் வரலாறு படித்தவனும் ரசாயனம் படித்தவனும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு அன்றைக்குக் கை நழுவியது என்றே நினைக்கிறேன்.

அதே 1909-இல் இதே பெங்களூரில் இன்னொரு அமைப்பும் தோன்றியது. அதன் பெயர் மிதிக் சொசைட்டி. அங்கே வரலாறு, தொல்லியல், சமயம், நாட்டு வழக்கம் பற்றிய ஆராய்ச்சி. பாதிரியார் தாபார் பல காலம் அதற்குத் தலைமை தாங்கினார்; அரசு அதிகாரிகளும் உள்ளூர்ப் பண்டிதர்களும் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்தினார்கள். அங்கே விடுபட்டது இங்கே முளைத்தது போல் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்ததாக நான் சொல்ல வரவில்லை. வருஷம் மட்டும்தான் ஒன்று.

டாட்டா இன்ஸ்டிட்யூட்டின் முதல் இந்திய இயக்குநராக 1933-இல் வந்தவர் நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். அவரைப் பற்றி ராமன் விளைவோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் மிருதங்கத்தை ஆராய்ந்தது பலருக்குத் தெரியாது. சாதாரணமாக இறுக்கிக் கட்டிய தோலைத் தட்டினால் வெறும் சத்தம்தான் வரும். அதிலிருந்து கிளம்பும் பல அதிர்வுகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் ஸ்வரம் எப்படிப் பேசுகிறது? நடுவில் பூசும் அந்தக் கறுப்பு வட்டத்தின் கனம் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, சுருதி சேர்ந்த ஐந்து ஒலிகளாகக் கூட்டிவிடுகிறது என்று அவர் காட்டினார். 1920-இல் கல்கத்தாவில் இருந்தபோதே சுருக்கமாக எழுதியதை, 1934-இல் பெங்களூரில் தாம் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் விரிவாக வெளியிட்டார். அந்தப் பூச்சு வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் தோல் வேலை தெரிந்த தொழிலாளிகள். அவர்கள் காதால் கண்டுபிடித்து வைத்திருந்ததற்கு ராமன் கணக்கு எழுதினார். முதல் ஆராய்ச்சியாளர் யார் என்றால் நான் அந்தத் தொழிலாளியைத்தான் சொல்வேன்.

ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்ய வந்தவர் அகமதாபாத் ஜைனக் குடும்பத்துப் பிள்ளை விக்ரம் சாராபாய். பெங்களூரில் அவர் சந்தித்து 1942-இல் மணந்துகொண்ட மிருணாளினி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். கணவர் 1947-இல் இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். மனைவி 1949-இல் தர்ப்பணா நாட்டியப் பள்ளி தொடங்கினார். பீன்யா ஷெட்டில் வேலை செய்த ராவ், அந்தச் சாராபாயின் மாணவர். கோள் கிளம்பியதைப் பார்க்க சாராபாய் இல்லை. 1971 டிசம்பரிலேயே போய்விட்டார்.

எங்கள் சமயத்தைச் சேர்ந்த நூல் என்பதால் கணித சார சங்கிரகத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீராச்சாரியார் எழுதியது. வட்டிக் கணக்கு, தங்கத்தின் மாற்றுக் கணக்கு எல்லாம் உண்டு. கடைக்காரனுக்குச் சுவையான புத்தகம். எந்த எண்ணையும் பூஜ்யத்தால் வகுத்தால் அது மாறாமல் நிற்கும் என்று சொன்ன இடத்தில் ஆச்சாரியார் சறுக்கியும் இருக்கிறார். இதை ஓலையிலிருந்து எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் சென்னையில் வெளியிட்டவர் ம. ரங்காச்சாரியார். கணித வாத்தியார் இல்லை, மாநிலக் கல்லூரி சமஸ்கிருதப் பேராசிரியர். முன்னுரை எழுதியவர் அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித். சமண ஆச்சாரியார், வைணவப் பண்டிதர், அமெரிக்கர்: மூன்று பேரும் சேராவிட்டால் அந்தப் புத்தகம் நம் கைக்கு வந்திருக்காது.

விடுபட்ட மூன்றாவது துறைக்கு ஈடாக ஏதோ ஒன்று வர ஏறக்குறைய 90 வருஷம் ஆயிற்று. 1988-இல் ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியால், அந்த இன்ஸ்டிட்யூட் வளாகத்திலேயே தேசிய உயர் ஆய்வு நிறுவனம் அமைந்தது. அறிவியலாளரும் சமூகவியலாளரும் கலை ஆய்வாளரும் கூடும் இடம். முதல் இயக்குநர் அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா. நல்ல பியானோ கலைஞர்.

மிதிக் சொசைட்டியும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி.எல். ரைஸ் 1905-இல் எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் அச்சிட்டார். அவற்றில் தமிழ்க் கல்வெட்டுகள் கணிசம். ரைஸ் பார்த்த கற்கள் பல, ஊர் வளர்ந்தபோது அடுக்குமாடிக்கும் ரோட்டுக்கும் இரையாகிவிட்டன. மிஞ்சியவற்றை 2021 முதல் சொசைட்டியார் முப்பரிமாண ஸ்கேனர் வைத்துப் பதிவு செய்து வருகிறார்கள். தேய்ந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் கம்ப்யூட்டர் திரையில் எழும்பி வருகிறது. ஸ்கேனர் பொறியாளர் வேலை. ஆனால் திரையில் தெரிவது கிரந்தமா, தமிழா, பழங்கன்னடமா என்று பிரித்துப் படிக்க எழுத்து தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம். நம் சங்கத்துப் பிள்ளைகளில் ஒருவராவது இதற்குப் போனால் தேவலை.

டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் பஸ்ஸிலேயே போய் வரலாம். அங்கே வாசல் நிலைக்காலில் தமிழ் எழுத்து இருக்கிறது. அது பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்து.