கட்டம் கட்டமாக வந்த தமிழ்

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர வேண்டுமானால் கீபோர்டில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். திரையில் ‘தமிழ்’ தெரியும். கம்ப்யூட்டருக்குள் பதிவாகியிருப்பதோ நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் போய், அந்த ஐந்தும் அப்படியே வந்து நிற்கும். வெள்ளகோவிலில் டிடிபி கடை நடத்துகிறேன். கடைக்கு வரும் பிடிஎஃப் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஐந்து விசைகளில் போய்த்தான் முடிகின்றன.

“ஏனுங்கண்ணா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு. பிடிஎஃப் போட்டு அனுப்புனா அங்க கட்டம் கட்டமாத் தெரியுதுங்களாம்” என்பார்கள். விசைத்தறிக் கணக்கு எழுதுகிறவர், கோவில் கமிட்டிக்காரர், கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறவர், எல்லோருக்கும் இதே குறைதான். செல்போன் பழுது என்றும் சாஃப்ட்வேர் கோளாறு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். இதன் வேர் ஈய எழுத்துக் காலம் வரைக்கும் போகிறது.

அப்பா ட்ரெடில் அச்சு எந்திரம் வைத்திருந்தார். எண்ணெய் மில் பில் புக், தறிக் கூலி நோட்டு, காதுகுத்துப் பத்திரிகை, மாசி சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமி கோவில் தேர் நோட்டீஸ் எல்லாம் அதில் ஓடின. எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் கையில் ஸ்டிக் இருக்கும், எதிரே ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைத்த கேஸ். ‘கொ’ கோர்க்க வேண்டுமென்றால் முதலில் கொம்பை எடுத்து வைப்பார், பிறகு ‘க’, பிறகு கால். மூன்று ஈயத் துண்டுகள், கண்ணுக்கு எந்த வரிசையில் தெரியுமோ அந்த வரிசையில். வாய் ‘க்’ என்று தொடங்கினாலும் கை கொம்பில்தான் தொடங்கும். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டபோது ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னையும் சேர்ந்து 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் சேர்த்துக் கோர்க்கும்படி ஆயின. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’க்குத் தனி அச்சு வேண்டியதில்லை என்று ஆனது. கேஸில் சில அறைகள் காலியாயின. கை போகும் வரிசை மட்டும் மாறவில்லை.

1985-இல் ஆப்பிளின் லேசர் பிரிண்டரும் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கரும் வந்து, மேஜை மேலேயே பக்கம் கட்டலாம் என்ற நிலையை உண்டாக்கின. அது நம் பக்கம் வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. தமிழுக்கு ஃபான்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்து இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். கொம்புக்கு ஒரு விசை, காலுக்கு ஒரு விசை. அதாவது கம்பாசிட்டரின் கேஸ் முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் குடிபோனது. அந்த நாளில் வேறு வழி கிடையாது. 256 இடங்களுக்குள் அத்தனையையும் அடக்கியாக வேண்டும். அந்த ஃபான்ட்டுகளைச் செய்தவர்களுக்கு நம் ஊர் அச்சகங்கள் கடன்பட்டிருக்கின்றன என்றே சொல்வேன். ஆனால் ஆளுக்கொரு கேஸ் செய்தார்கள். பாமினியில் ‘த’ இருந்த இடத்தில் ஸ்ரீலிபியில் வேறொன்று, வானவில்லில் இன்னொன்று. இங்கே அடித்ததைத் திருப்பூரில் திறக்கப் பிளாப்பியில் கோப்போடு ஃபான்ட்டையும் போட்டுக் கொடுத்தனுப்புவோம்.

இதற்கு ஒரு முடிவு கட்ட நிறையப் பேர் உழைத்தார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு, அதன் பிறகு மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி குறியீடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, அதையொட்டி அரசு அறிவித்த டாம், டாப் குறியீடுகள், தமிழ்99 விசைப்பலகை என்று வேலை நடந்தது. டிஸ்கியில் ஒரு சங்கடம் இருந்தது. ‘இ’ எழுத்துக்கு 173 என்ற இடம் கொடுத்திருந்தார்கள். பல சாஃப்ட்வேர்கள் அந்த இடத்தை, வரி உடையும்போது மட்டும் தெரிய வேண்டிய சிறு கோடாக எடுத்துக்கொண்டன. விளைவு, ‘இந்த’ என்று அடித்தால் ‘ந்த’ என்று வரும். பிறகு 1.7 பதிப்பில் ‘இ’க்கு 254-இல் இன்னோர் இடம் ஒதுக்கினார்கள். ஓர் உயிரெழுத்து கண்ணெதிரே காணாமல் போன கதை இது. இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இத்தனைக்கும் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. விண்டோஸ் 2000-இல் லதா ஃபான்ட்டோடு தமிழும் வந்தது. அப்படியும் டிடிபி கடைகள் ஏன் மாறவில்லை? காரணம் ஒன்றுதான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு. அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன், இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோர்க்கக் கற்றுக்கொண்டது 2012-இல் சிஎஸ்6 வந்தபோதுதான். இடைப்பட்ட காலத்தில் சோறு போட்டது பழைய ஃபான்ட்டுகளே. அதனால் நம் ஊர்களின் ஆவணங்களில் ஒரு தலைமுறையே அந்தக் கேஸில் சிக்கிக்கொண்டது.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்ததுதான் பிடிஎஃப். 1993-இல் அடோபி வெளியிட்டது. எந்த மெஷினில் திறந்தாலும் பக்கம் பக்கமாகவே, எழுத்து எழுத்தாகவே நிற்க வேண்டும் என்பது நோக்கம். எங்களுக்கு அது பெரிய வரம். ஃபான்ட்டை உள்ளேயே வைத்து அனுப்பலாம், பிளாப்பி வேண்டாம், திருப்பூர் பிளேட் கடைக்காரரிடம் போனில் கெஞ்ச வேண்டாம். ஆனால் அது காப்பாற்றுவது வடிவத்தை. உள்ளே என்ன எழுத்து என்பதைத் தனியாக எழுதி வைத்தால்தான் உண்டு. பாமினியில் போட்ட பிடிஎஃப்பில் ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள், ஜே, கே, பி, ஓ வரும்.

“அப்ப யூனிகோடுல அடிச்சா பிரச்சினை இல்லீங்களா?” என்று கேட்கிறார்கள். பெரும் பிரச்சினை தீரும், ஒன்று மிஞ்சும். யூனிகோடு வாய் சொல்லும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது: ‘கொ’வுக்கு முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. திரைக்கு வரும்போதுதான் கொம்பு முன்னால் போகிறது. பிடிஎஃப் ஆகும்போது எழுத்து மறுபடியும் பழைய கம்பாசிட்டர் வரிசைக்கே திரும்புகிறது: கொம்பு, க, கால். மூல எழுத்து இதுதான் என்று கூடவே குறித்து வைக்கும் வசதி 2001-இல் வந்த பிடிஎஃப் 1.4-லேயே உண்டு. ஏற்றுமதி செய்யும் சாஃப்ட்வேர் அதை எழுதினால் தேடினால் கிடைக்கும், எழுதாவிட்டால் கிடைக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதற்கு எங்கள் ஊர்ப் பெயரையே சோதனையாக வைத்திருக்கிறேன். ‘வெள்ளகோவில்’ என்பதில் ‘வெ’வும் இருக்கிறது, ‘கோ’வும் இருக்கிறது. ஒற்றைக் கொம்பு ஒன்று, இரட்டைக் கொம்பும் காலும் ஒன்று. பிடிஎஃப் போட்டதும் தேடும் பெட்டியில் ‘வெள்ளகோவில்’ என்று அடிப்பேன். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், பிரிண்ட் வழியாகப் போட்டார்களா, ஏற்றுமதி வழியாகப் போட்டார்களா என்று பார்ப்பேன். நோட்பேடிலிருந்து பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அதே வரிகளை லிப்ரே ஆபீஸில் ஒட்டி நேராக ஏற்றுமதி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2003-இல் ஓபன் ஆபீஸ் 1.1 ஒரே பொத்தானில் பிடிஎஃப் தந்தது. அதன் வழி வந்ததுதான் லிப்ரே ஆபீஸ்.

கட்டம் வந்தால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். பிடிஎஃப் ரீடரில் ஆவணத்தின் பண்புகளில் ஃபான்ட் பட்டியல் இருக்கும். ஃபான்ட் பெயருக்குப் பக்கத்தில் எம்பெடட் என்று இல்லாவிட்டால் ஃபான்ட் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். லிப்ரே ஆபீஸில் ஸ்டைலுக்குள் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபான்ட், இந்திய மொழிகளுக்குத் தனியாக ஒரு ஃபான்ட் என்று இரண்டு இடம் உண்டு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லையே என்று தவிக்கிறார்கள். லதாவில் அமைத்த பழைய கோப்பு புது மெஷினில் பக்கம் தள்ளிப் போவதற்கும் காரணம் இருக்கிறது: விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை, கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை இல்லாத இடத்தில் நிர்மலா ஃபான்ட் வந்து உட்காரும். அகலம் வேறு, அதனால் வரி வேறு.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. எல்லா எழுத்துக்கும் தனி இடம் கொடுக்கும் டேஸ் 16-ஐ மாற்றாக ஏற்றது. ஆணை வந்தாலும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுமா? 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் அதைச் செய்து காட்டியது. பழைய குறியீட்டில் ஏற்றிய இலக்கியங்களை யூனிகோடுக்கு மாற்றிப் பிடிஎஃப்பாகவும் கொடுத்தது. சங்க இலக்கியத்துக்குச் செய்ய முடிந்ததை ஒரு நெசவாளர் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்துக்குச் செய்ய முடியாதா? சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழில் பழைய ஃபான்ட் வரிகளை ஒட்டினால் நிமிடத்தில் யூனிகோடு கிடைக்கிறது. செலவு ஒன்றுமில்லை. உட்கார்ந்து செய்ய ஆள்தான் வேண்டும்.

எனக்குக் கவலை பத்திரிகைகளைப் பற்றி அல்ல. கல்யாணம் முடிந்தால் பத்திரிகையின் வேலை முடிந்தது. கோவில் வரவு செலவு, கூட்டத்துக் குலதெய்வக் கோவிலின் வம்சாவளிப் பட்டியல், சங்கத் தீர்மானம், பட்டா மனு இவையெல்லாம் பிடிஎஃப்பாகவே தங்கிவிட்டன. மூலக் கோப்பு பழுதான ஹார்டு டிஸ்கோடு போய்விட்டது. தாத்தா பெயரை அதில் தேடுகிற பேரனுக்கு ஒன்றும் கிடைக்காது, பெயர் அங்கேயே அச்சாகியிருந்தாலும்.

டிடிபி கடையில் வேலை கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடிஎஃப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மூலக் கோப்பை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். கடையை விட்டு இறங்கும் முன் உங்கள் ஊர்ப் பெயரை அந்தப் பிடிஎஃப்பில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள். போட்டுத் தர வேண்டியது எங்கள் கடமை.