சிவப்புத் தொப்பியும் பென்குயினும்

புதுச்சேரி போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியபோது விட்டுப்போன சொத்து அது! அதே பிரான்ஸில் 'ழாந்தார்மெரி' என்கிற போலீஸ் படை இன்னொரு காரியமும் செய்தது. லினக்ஸுக்கு மாறியது!

அவர்கள் கம்ப்யூட்டர் புலிகளா? ஊஹூம்! புகார் எழுதுகிற, ரோந்து போகிற சாதாரண ஏட்டய்யாக்கள்தான். மேலதிகாரிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். 2005-ல் விண்டோஸைத் தொடவே இல்லை. அதற்குள்ளேயே இலவச 'ஓப்பன் ஆஃபீஸை' மட்டும் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட். விரல்கள் பழகிவிட்டன. 2008-லிருந்து, அடியில் இருந்த விண்டோஸை உருவிவிட்டு உபுண்டு லினக்ஸைச் செருகினார்கள். விஸ்டாவுக்குப் போனாலும் புதுசாகத்தானே கற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2014-க்குள் சுமார் 65 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் மாறிவிட்டன!

நமக்கென்ன என்கிறீர்களா? 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போடுமுன் யோசியுங்கள். கடிதம், இன்டர்நெட், சினிமா போதுமென்றால் தாராளமாக மாறலாம். டேலியில் கணக்கு எழுதுகிறவரா? அவசரப்படாதீர்கள். எப்படியும், முதலில் ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். குடிபோகுமுன் பால் காய்ச்சுகிறோமே, அது மாதிரி!