பி. பி. குமாரமங்கலம்

ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் (ஜூலை 1, 1913 – மார்ச் 13, 2000) இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக 1966 முதல் 1969 வரை பணியாற்றியவர். பீரங்கிப் படைப்பிரிவைச் சேர்ந்த இவர், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்டுச் சிறைப்பட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க் கைதியாக இருந்தார். பிரித்தானியப் பேரரசின் படையில் சேர்ந்து விடுதலை பெற்ற நாட்டின் படைக்குத் தலைமை ஏற்ற தலைமுறையைச் சேர்ந்தவர்.

குடும்பம்

குமாரமங்கலம் என்பது திருச்செங்கோட்டை அடுத்த ஊர். முன்னர் சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இவ்வூரின் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர் பிரபாகர். தந்தை ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், 1962 இல் மகாராட்டிர ஆளுநராகவும் இருந்தவர். தாயார் ராதாபாய் சுப்பராயன் பெண்ணுரிமைக்காகப் பாடுபட்டவர். 1938 இல் நடுவண் சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்வான முதல் பெண் உறுப்பினர்.

தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டனர். 1941 இல் பிரித்தானிய அரசு தொடுத்த சென்னைச் சதி வழக்கில் மோகன் சிறைத் தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டில் அவருடைய தமையனார் அதே அரசின் படையில் போர்முனையில் நின்றார். மோகன் பின்னர் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் இடம்பெற்று, 1973 இல் வானூர்தி விபத்தில் இறந்தார்.

கல்வியும் படைப்பணித் தொடக்கமும்

இங்கிலாந்தில் ஈட்டன் கல்லூரியில் பயின்ற குமாரமங்கலம், பின்னர் ஊலிச்சில் இருந்த அரச இராணுவக் கழகத்தில் பயிற்சி பெற்று 1933 இல் அதிகாரியானார். பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் அதிகாரிகளை உருவாக்கிய கழகம் இது. இங்கிலாந்தில் பயிற்சி பெற்று அரசரின் ஆணையைப் பெற்ற இந்தியர்கள் 'அரசராணை பெற்ற இந்திய அதிகாரிகள்' எனப்பட்டனர். 1932 இல் தேராதூனில் இந்திய இராணுவக் கழகம் தொடங்கப்பட்டதும் இம்முறை முடிவுக்கு வந்தது. எனவே குமாரமங்கலம் இவ்வகை அதிகாரிகளின் கடைசி அணிகளுள் ஒன்றைச் சேர்ந்தவர்.

1857 கிளர்ச்சிக்குப் பின்னர், மலைப் பீரங்கி அணிகள் நீங்கலாகப் பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்க ஆங்கிலேயர் தயங்கினர். 1935 இல் பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கி அணி அமைக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. இப்படைப்பிரிவுக்கு வந்த முதல் சில இந்திய அதிகாரிகளுள் குமாரமங்கலமும் ஒருவர்.

இரண்டாம் உலகப் போர்

1942 மே மாதம் லிபியப் பாலைவனத்தில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் படைகள், பிரித்தானியரின் கசாலா அரண் வரிசையைத் தெற்கே சுற்றி வளைத்துத் தாக்கின. அவ்வரிசையின் தென்கோடியில் பீர் அக்கீம் என்னும் இடம் இருந்தது. அதற்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், '171 ஆம் புள்ளி' எனப்பட்ட இடத்தில் 3 ஆவது இந்திய மோட்டார் பிரிகேடு நிறுத்தப்பட்டிருந்தது. அங்கு 2 ஆவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமெண்டில் மேஜராக இருந்தார் குமாரமங்கலம்.

மே 27 காலையில் இத்தாலியின் அரியெத்தே கவசப் பிரிவு டாங்கிகளுடன் இந்நிலையைத் தாக்கியது. இந்தியரிடம் டாங்கிகள் இல்லை; டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் போதவில்லை. களப் பீரங்கிகளைக் கொண்டே நேருக்கு நேர் சுட்டுப் பல டாங்கிகளை அழித்தபோதும் நிலை வீழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் போக, ஏறத்தாழ ஆயிரம் பேர் சிறைப்பட்டனர். சிறைப்பட்டவர்களுள் குமாரமங்கலமும் ஒருவர். இப்போரில் காட்டிய வீரத்திற்காக இவருக்கு டி. எஸ். ஓ. விருது வழங்கப்பட்டது.

போர்க் கைதி

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள அவெசானோவில் இந்தியக் கைதிகளுக்கான முகாம் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய அதிகாரிகள் பலர் இங்கு ஒன்றாக அடைக்கப்பட்டனர். குமாரமங்கலத்துடன் இருந்தவர்களுள் யாகியா கானும் சாகிப்சாதா யாகூப் கானும் அடங்குவர். இவ்விருவரும் பிரிவினைக்குப் பின் பாக்கித்தான் படையைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது குமாரமங்கலம் தப்பிச் சென்றார். ஆனால் பின்னர் மீண்டும் பிடிபட்டு, ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு இவர் அடைக்கப்பட்ட ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாம், ஜெர்மானிய வான்படையின் நேரடிப் பொறுப்பில் கடுங்காவலுடன் இயங்கியது. இன்று போலந்தில் உள்ள சாகான் நகரை ஒட்டி இது இருந்தது. 1944 மார்ச்சில் 76 கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பியதும், பிடிபட்டவர்களில் 50 பேர் இட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொல்லப்பட்டதும் இம்முகாமுடன் தொடர்புடைய நிகழ்வுகள். 1945 இல் போர் முடிவுற்றபோது குமாரமங்கலம் விடுதலையாகித் தாயகம் திரும்பினார்.

விடுதலைக்குப் பின்

1947 இல் நாட்டுடன் படையும் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கும் ஒரு பங்கு பாக்கித்தானுக்கும் சென்றன. ஒரே உணவறையில் உண்டவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

1962 இல் சீனாவிடம் ஏற்பட்ட தோல்விக்குப் பிறகு படையைப் பெருக்கிச் சீரமைக்கும் பணி தொடங்கியது. சீன எல்லையின் கிழக்குப் பகுதிக்குப் பொறுப்பான கிழக்குக் கட்டளையகத்திற்கு 1963 இல் குமாரமங்கலம் தலைமை ஏற்றார். அதே ஆண்டில் லக்னோவில் மத்தியக் கட்டளையகம் உருவாக்கப்பட்டு, கிழக்குக் கட்டளையகத்தின் தலைமையகம் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. 1964 நவம்பரில் இப்பொறுப்பை சாம் மானக்சாவிடம் ஒப்படைத்தார். பின்னர் தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதியாகி, 1965 இந்திய–பாக்கித்தான் போரின்போது ஜெனரல் ஜெயந்த நாத் சௌத்ரிக்கு அடுத்த நிலையில் இருந்தார்.

தலைமைத் தளபதி

1966 ஜூன் 8 அன்று குமாரமங்கலம் தலைமைத் தளபதியானார். தமிழ்நாட்டிலிருந்து இப்பதவிக்கு வந்த முதல்வர் இவரே. 1986 இல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி இப்பதவியை ஏற்றார். குமாரமங்கலம் பதவியேற்ற சில மாதங்களில், 1966 செப்டம்பரில், யாகியா கான் பாக்கித்தான் தரைப்படையின் தலைவரானார். ஒரு காலத்தில் ஒரே முள்வேலிக்குள் இருந்த இருவரும் பகை நாடுகளின் படைகளுக்கு ஒரே காலத்தில் தலைமை தாங்கினர். இருவரும் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூளவில்லை.

எனினும் வேறு மோதல்கள் நிகழ்ந்தன. 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயிலும், அக்டோபரில் சோலாவிலும் சீனப் படைகளுடன் மோதல் ஏற்பட்டது. நாதுலாவில் இந்தியப் பீரங்கிகள் பெரும் பங்காற்றின. 1962 தோல்வியால் தளர்ந்திருந்த படையினரின் தன்னம்பிக்கை இம்மோதல்களால் மீண்டது. மிசோ மலைப்பகுதியில் 1966 இல் தொடங்கிய கிளர்ச்சியை அடக்கும் பணியும் இவர் காலத்தில் தொடர்ந்தது. கிளர்ச்சியாளரைத் தனிமைப்படுத்துவதற்காக 1967 முதல் சிற்றூர் மக்கள் சாலையோரக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். வாழிடத்தையும் விளைநிலத்தையும் இழந்த மக்கள் பெரும் துன்பம் அடைந்ததால் இந்நடவடிக்கை பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

1969 ஜூன் 7 அன்று குமாரமங்கலம் ஓய்வு பெற்றார். அரசராணை பெற்ற அதிகாரிகளுள் தலைமைத் தளபதியான கடைசி மனிதர் இவரே. இவருக்குப் பின் பொறுப்பேற்ற மானக்சா தேராதூன் கழகத்தின் முதல் அணியில் பயின்றவர். எனவே இந்தப் பதவி மாற்றம், இங்கிலாந்தில் பயின்ற தலைமுறையிடமிருந்து இந்தியாவில் பயின்ற தலைமுறைக்குப் படைத் தலைமை கைமாறியதையும் குறிக்கிறது.

விருதுகள்

போர்க்கால வீரத்துக்காக டி. எஸ். ஓ. விருதும், எம். பி. இ. விருதும் பிரித்தானிய ஆட்சியில் பெற்றார். 1970 இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது. 2000 மார்ச் 13 அன்று தமது 86 ஆவது வயதில் காலமானார்.