ஈற்றன் முதல் உடுவில் வரை: ஒரு பியூரிற்றன் போதகரின் கொடிவழி



உடுவில் மகளிர் கல்லூரியின் வரலாற்றை எழுதியோர் எவரும் ஹரியற் வின்சிலோ அம்மையாரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. 1824ஆம் ஆண்டில் அங்கே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடக்கியவர் அவர். அவருடைய கணவர் மிரன் வின்சிலோ பாதிரியாரைத் தமிழாசிரியர்களாகிய நாங்கள் மறக்க முடியாது. 1862இல் சென்னையில் வெளிவந்த அவரது தமிழ் - ஆங்கில அகராதியைப் புரட்டாமல் எங்கள் பணி நடப்பதில்லை. ஆனால், அம்மையாரின் பிறந்த வீட்டுப் பெயரை நம்மிற் பலர் அறியார். அது லேத்ரொப் என்பது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், 1634இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவிற் குடியேறிய ஒரு பியூரிற்றன் போதகரிடம் போய்ச் சேருவோம். அவர் பெயர் யோன் லொத்ரொப். அவருடைய கொடிவழியை ஆய்வாளர்கள் எவ்வாறு தேடிக் கண்டனர், அத்தேட்டம் நமக்கு எதனை உணர்த்துகிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

பியூரிற்றன்கள் என்போர் யார்? எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் உரோமாபுரியிலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபை போதிய அளவு சீர்திருந்தவில்லை என்று கருதியவர்கள் அவர்கள். ஆயர்களின் அதிகாரம், குருமாரின் ஆடையலங்காரம், பழைய சடங்குகள் ஆகியவற்றைக் களைந்து சபையைத் தூய்மையாக்க வேண்டும் என்றனர். சபைக்குள் இருந்தே திருத்த முயன்றோர் ஒரு சாரார். வெளியேறித் தனிச்சபை அமைத்தோர் இன்னொரு சாரார். லொத்ரொப் முதலிற் சபைக்குள் இருந்தார், பின்னர் வெளியேறினார்.

அவர் பிறந்த ஊர் இங்கிலாந்தின் வடகிழக்கே யோர்க்‌ஷயரிலுள்ள ஈற்றன் என்னும் சிற்றூர். 1584 டிசெம்பர் 20ஆம் நாள் அவருக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு குழந்தையின் செய்தியை இத்துணைத் துல்லியமாக எவ்வாறு கூற முடிகிறது? 1538இல் தோமஸ் குறொம்வெல் பிறப்பித்த கட்டளைப்படி இங்கிலாந்தின் ஒவ்வொரு கோவிற்பற்றும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் இடாப்பு வைத்திருக்க வேண்டும். அந்த இடாப்பு இல்லாதிருப்பின் லொத்ரொப்பின் வேரைத் தேடுவோர் கடற்கரையோடு திரும்பியிருப்பர்.

கேம்பிறிட்ஜில் 1609இல் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், கென்ற் பகுதியிலுள்ள எகேற்றன் என்னும் ஊரிற் குருவாகப் பணியாற்றினார். 1610இல் ஹன்னா ஹவுஸ் என்பவரை மணந்தார். 1623இல் மனச்சாட்சியின் பொருட்டுப் பதவியைத் துறந்து, அடுத்த ஆண்டில் லண்டனிலிருந்த தனிச்சபை ஒன்றுக்குப் போதகரானார். அக்காலத்தில் அரசு ஏற்ற சபைக்கு வெளியே கூடி வழிபடுவது குற்றம். 1632 ஏப்ரிலில், பிளாக்பிரையர்ஸ் என்னும் இடத்தில் ஒரு வீட்டில் இரகசியமாகக் கூடியிருந்த வேளையில் ஆயர் வில்லியம் லோட் அனுப்பிய ஆட்கள் உட்புகுந்தனர். 42 பேர் பிடிபட்டனர். ஏனையோர் நாளடைவில் விடுவிக்கப்பட்டனர். லொத்ரொப்புக்கு மாத்திரம் விடுதலை கிட்டவில்லை. அவர் சிறையில் இருந்த காலத்தில் மனைவி ஹன்னா நோயுற்று இறந்தார். தாயற்ற பிள்ளைகள் ஆயரிடம் போய் நின்று தந்தைக்காக மன்றாடினர் என்று 1669இல் அச்சான நதானியேல் மோட்டனின் நூல் கூறுகிறது. அது நிகழ்ச்சிக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னர் எழுதப்பட்டது. ஆகவே கைது பற்றிய செய்தியை ஆவணம் என்றும், பிள்ளைகள் மன்றாடிய செய்தியை மரபு என்றும் வேறுபடுத்திக் கொள்ள வேண்டும். கொடிவழி தேடுவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே.

நாட்டை விட்டு நீங்குவதாக உறுதி கூறியதன் பேரில் 1634இல் விடுதலை கிடைத்தது. ‘கிரிபின்’ என்னும் கப்பலில், தம்மைப் பின்பற்றிய ஏறத்தாழ முப்பது பேருடன் அவ்வாண்டு செப்ரெம்பர் 18ஆம் நாள் பொஸ்ரன் துறையை அடைந்தார். இச்செய்தி ஆளுநர் யோன் வின்ரொப்பின் நாட்குறிப்பில் இருக்கிறது. முதலிற் சிற்றுவேற் என்னும் ஊரிலும், 1639 ஒக்ரோபர் முதல் பாண்ஸ்ரபிள் என்னும் ஊரிலும் அவருடைய சபை குடியேறியது. 1653 நவம்பர் 8ஆம் நாள் அவர் அங்கே காலமானார்.

இந்தக் குடும்பத்தைத் தேடுவோருக்கு வாய்த்த பெருஞ்செல்வம், போதகர் தம் கையால் எழுதிவந்த ஒரு குறிப்பேடாகும். யார் சபையிற் சேர்ந்தார், எவருக்கு ஞானஸ்நானம், எவர் மணந்தார், எவர் அடக்கம் செய்யப்பட்டார் என்று அதில் எழுதினார். பியூரிற்றன்கள் விவாகத்தை உலகியல் ஒப்பந்தமாகக் கருதியமையால் அதனை நடத்திவைத்தவர் நீதவானே. ஆயினும் தம் மகன் சாமுவேலுக்கும் எலிசபெத் ஸ்கடருக்கும் 1644 நவம்பர் 28ஆம் நாள் தமது வீட்டில் விவாகம் நடந்ததைப் போதகர் குறித்து வைத்தார். 1769இல் எஸ்ரா ஸ்ரைல்ஸ் என்னும் போதகர் இந்தக் குறிப்பேட்டைக் கண்டு தம் கையாற் பிரதி செய்துகொண்டார். பின்னாளில் யேல் கல்லூரியின் தலைவராக விளங்கியவர் இவர். மூல ஏடு இன்று இல்லை. பிரதி யேலில் இருக்கிறது. 1855, 1856ஆம் ஆண்டுகளில் அது பொஸ்ரனிலுள்ள கொடிவழி ஆய்வுச் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சேறியது. பழைய ஏடுகளைத் தேடி அலைந்து பிரதி செய்த நம் சாமிநாதையரையும் தாமோதரம்பிள்ளையையும் அறிந்த நமக்கு, ஸ்ரைல்ஸ் செய்த உதவியின் பெறுமதி எளிதில் விளங்கும்.

இத்தகைய ஆவணங்கள் கையில் இருந்தும் தேட்டம் சுலபமாக முடிந்துவிடவில்லை. அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாளிலேயே பிறந்தது. இந்த முறை 1752இலேயே மாறியது. ஆகவே, நமது கணக்கில் 1635 ஜனவரியில் நடந்த நிகழ்ச்சியைப் பழைய ஏடு 1634 என்றே எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. லோதோர்ப் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர், மசாசூசெற்ஸில் லொத்ரொப் என்றும் கனெக்ரிகட்டில் லேத்ரொப் என்றும் நிலைத்தது. பெயரொற்றுமையும் ஆளை ஏமாற்றும். போதகருக்குத் தோமஸ் என்றொரு மகன் இருந்தார். 1675இல் பழங்குடி மக்களுடன் நடந்த போரில் மாண்ட தளபதி ஒருவரின் பெயரும் தோமஸ் லேத்ரொப்தான். இருவரும் வெவ்வேறு ஆட்கள். பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு வீரரைக் குடும்பத்திற் சேர்த்துக்கொள்ளும் ஆசையை ஆய்வாளர் அடக்கவேண்டியிருந்தது.

போதகரின் மரணசாதனமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வயதுக்கேற்ற முறையில் ஒரு நூலைத் தெரிந்தெடுத்துக் கொள்ள வேண்டும். எஞ்சிய நூல்களை, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த நேர்மையான ஒருவருக்கு விற்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். அவர் 1644இற் கட்டிய வீடு இன்று பாண்ஸ்ரபிளிலுள்ள ஸ்ரேர்ஜிஸ் நூலகத்தின் ஒரு பகுதி. 1605இல் அச்சான அவருடைய வேதாகமம் அங்கே பேணப்படுகிறது. அதன் சில தாள்களில் எரிந்த துளைகள் உண்டு. கப்பலில் வாசித்துக்கொண்டிருந்தபோது மெழுகுதிரியின் சூட்டுத்துளி விழுந்து எரிந்தன என்பது மரபு. அத்துளைகளுக்குக் கடதாசி ஒட்டி, எரிந்துபோன சொற்களை மனனத்திலிருந்து அவரே எழுதி நிரப்பினாராம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்தச் செய்தியை முதன்முதலிற் படித்த அன்று மேற்கொண்டு எதையும் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

மேலே கூறிய மகன் சாமுவேல் 1668இல் கனெக்ரிகட்டிலுள்ள நோர்விச் நகருக்குச் சென்று, 1700இல் அங்கேயே காலமானார். அவர்வழி வந்த நோர்விச் லேத்ரொப் குடும்பத்தில் 1796இற் பிறந்தவர்தான் ஹரியற். 1819இல் வின்சிலோவை மணந்து, அவ்வாண்டிலேயே பொஸ்ரனிலிருந்து கப்பலேறி, 1820இல் யாழ்ப்பாணம் வந்தார். அவருடைய தங்கையர் மூவரும் பின்னர் மிஷன் பணிக்கு இங்கே வந்தனர். 1833 ஜனவரி 14ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், அவர் இந்த மண்ணிலேயே கண்மூடினார். அவருடைய மகளின் பேரரே, 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த யோன் பொஸ்ரர் டலஸ். அம்மையார் மதமாற்ற நோக்கத்துடன் வந்தவர் என்பதை ஓர் இந்துக் கல்லூரி ஆசிரியனாகிய நான் மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் ஏடு தொடாத காலத்தில் அவர்களை எழுத வைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கொடிவழி தேடுவது குலப்பெருமை பேசுவதற்காக என்று எண்ணுவோர், லொத்ரொப்பின் வழித்தோன்றல்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். யுலிசிஸ் கிறான்ற், பிராங்கிளின் ரூஸ்வெல்ற் என்னும் சனாதிபதிகள் அதில் உண்டு. அமெரிக்கர் துரோகி என்று தூற்றும் பெனடிக்ற் ஆனல்டும் உண்டு. கொடுமைக்குத் தப்பி வந்தவர்களின் சமூகமும் கொடுமையிலிருந்து நீங்கிவிடவில்லை. அதே கிரிபின் கப்பலில் வந்த ஆன் ஹச்சின்சன் அம்மையார், போதகர்களுக்கு மாறாகப் பேசியமைக்காக 1638இல் மசாசூசெற்ஸை விட்டுத் துரத்தப்பட்டார். 1659 முதல் 1661 வரை குவேக்கர் சமயத்தவர் நால்வர் பொஸ்ரனில் தூக்கிலிடப்பட்டனர்.

பாண்ஸ்ரபிள் மண்ணுக்கும் முன்னைய உரிமையாளர் உண்டு. அவ்விடம் வம்பனோவாக் மக்களின் மற்றக்கீஸ். அவர்களின் தலைவர் இயானோ, 1621இல் குடியேறிகளின் காணாமற்போன சிறுவன் ஒருவனைத் தேட உதவியவர்; 1623இல் இறந்தார். ஹயானிஸ் என்னும் ஊர்ப்பெயரில் அவர் எஞ்சியிருக்கிறார். அவரைப்பற்றி நாம் அறிவதெல்லாம் வந்தேறியோர் எழுதிவைத்தவையே. வம்பனோவாக் மக்கள் தங்கள் முன்னோரை வாய்மொழியாகப் போற்றினர். நோயும் போரும் சொல்வோரைக் கொண்டுபோனபோது சொல்லும் போயிற்று.

இங்கேதான் நம் நிலையை நினைக்க வேண்டியிருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவரிடம் பாட்டனாரின் தகப்பன் பெயரைக் கேட்டால் ஒருசிலர் கூறுவர். பாட்டியின் தாய் பெயரைக் கேட்டால் வகுப்பு முழுவதும் மௌனமாகிவிடும். லொத்ரொப் குடும்பத்திலும் இக்குறை உண்டு. போதகரின் இரண்டாம் மனைவி ஆன் என்பது தெரியும்; அவர் எந்தக் குடும்பத்துப் பெண் என்பது ஐயமற நிறுவப்படவில்லை. நம்மிடமோ காணி உறுதிகளும் சாதகக் குறிப்புகளும் பழைய கொப்பிகளுமே கொடிவழிக்கு ஆதாரமாயிருந்தன. 1995இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள். பெட்டகத்தைத் தூக்க முடியவில்லை. இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வளரும் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது காட்டுவதற்குப் பல வீடுகளில் ஒரு தாளும் இல்லை.

எனினும், எரிந்த தாளை மனனத்தால் நிரப்பும் வழி நமக்கு இன்னும் அடைபடவில்லை. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மம்மா இருக்கிறாரா? இந்த வாரமே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் அருகில் இருங்கள். ஆண்களின் பெயர்களோடு நின்றுவிடாமல் பெண்களின் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் கேளுங்கள். கண்டதை ஒரு பக்கத்திலும் கேட்டதை மறு பக்கத்திலும் எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதி எடுத்து, தூரத்திலுள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.