பால்மாப் பேணிக்குள் இருந்த குளிசைகள்

இறக்கக்கண்டியில் எங்கட உம்மம்மாவின் பழைய வீட்டைப் போன வருஷம் இடித்தோம். அலுமாரிக்குப் பின்னால் ஒரு பால்மாப் பேணி கிடைத்தது. உள்ளே நூல்கண்டு, துருப்பிடித்த ஊசி, கடதாசியில் சுற்றின ஏழெட்டுக் குளிசை. "மலேரியாக் குளிசை மகள், அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வெச்சது" என்றா உம்மம்மா. எந்த வருஷம் என்று கேட்டால் "பிரச்சினை காலம்" என்பா. எங்கட ஊரில் முப்பது வருஷத்துக்கும் சேர்த்து அந்த ஒரு பெயர்தான்.

பதினாலு நாள் குடிக்கச் சொல்லிக் கொடுத்த குளிசையாம். காய்ச்சல் விட்டதும் இவ நிறுத்திட்டா. இலங்கையில் அதிகம் இருந்த விவாக்ஸ் வகைக் கிருமி ஈரலுக்குள் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து மறுபடி கிளம்பும். அதை அழிக்கத்தான் அந்தப் பதினாலு நாள். உம்மம்மாவுக்கும் அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்ததாம். நான் இன்னொன்றும் கேட்டன்: அது நல்ல குளிசை என்று எப்படித் தெரியும்?

"கசந்தா நல்லது" என்றா.

இந்தப் பதிலுக்கு முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனாப் பட்டை ஐரோப்பாவுக்குப் போனது. கேட்ட அளவுக்குப் பட்டை கிடைக்கவில்லை. உடனே வியாபாரிகள் கசக்கிற வேறு மரங்களின் பட்டையைக் கலந்து விற்றார்கள். வாங்குகிறவனிடம் இருந்த பரிசோதனைக் கருவி நாக்கு ஒன்றுதான். போலிக்காரன் முதலில் ஏமாற்றியதும் அதைத்தான். 1820இல் பிரான்சில் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்த பிறகும் கலப்படம் நிற்கவில்லை. மெக்சிக்கோப் போரில் அமெரிக்கப் படையினருக்குப் போன கலப்படக் கொயினாவால் எழுந்த கோபமும் சேர்ந்துதான் 1848இல் அந்த நாடு இறக்குமதி மருந்துகளைப் பரிசோதிக்கச் சட்டம் போட்டது. வங்காளத்தில் 1892 முதல் தபால் கந்தோர்களில் ஒரு பைசாப் பொட்டலமாகக் கொயினா விற்றார்கள். மருந்துக் கடை இல்லாத கிராமத்துக்கும் தபால் கந்தோர் இருந்தது; பொட்டலத்துக்கு அரசாங்கத்தின் பெயரும் இருந்தது.

எங்கட நாட்டிலும் 1861இல் ஹக்கலையில் தோட்டம் போட்டது சிங்கோனா வளர்க்கத்தான். கோப்பி அழிந்தபோது தோட்டத்துரைமார் அதற்குத் தாவினார்கள், அளவுக்கு மிஞ்சி நட்டார்கள், விலை விழுந்ததும் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். மலேரியா மருந்து விளைந்த அதே நாட்டில்தான் 1934–35 கொள்ளைநோயில் 80,000 பேரளவில் செத்தார்கள். அந்த வருஷம் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, நுளம்பு பெருகியது. வழக்கமாக மலேரியா குறைவாக இருந்த கேகாலை, குருநாகல் பக்கம்தான் அடி பலமாக விழுந்தது. நிவாரணத்துக்குப் போன சூரியமல் இயக்கத்தினர் பட்டினி கிடக்கிற உடம்புக்குக் கொயினா மட்டும் போதாது என்று கண்டார்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க சத்துக்காக மார்மைட்டை நாட்டு வைத்தியரின் மாத்திரை போல உருட்டிக் கொடுக்க வைத்தார். இந்தக் கதையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசிக்க வைத்தது. சனம் நம்பின உருவத்துக்குள் வேறொன்றை வைத்துக் கொடுப்பது போலிக்காரனின் வேலையும்தானே? வித்தியாசம் உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான். அது வெளியில் தெரியாது.

பிறகு டிடிடி வந்தது. 1963இல் முழு நாட்டுக்கும் 17 நோயாளிகள். வெற்றி என்று கையை எடுத்தார்கள். 1969க்குள் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. 1984இல் குளோரோகுயினுக்கு அடங்காத பல்சிபாரம் கிருமியும் இலங்கையில் பதிவானது. யுத்தத்துக்குள் 1999இல் 264,549 பேர். வடக்கு கிழக்கில்தான் பெரும்பாலும்.

எங்கட பக்கம் உலர்வலயம். யான் ஓயா வற்றினால் மணலுக்குள் குழி குழியாகத் தண்ணி நிற்கும். இடம்பெயர்ந்த சனம் கொட்டிலுக்குள்ளும் மரத்தடியிலும் படுத்தது. இப்படி ஒரு இடத்தில் காய்ச்சலும் பயமும் வறுமையும் சேர்ந்திருக்க, போலி மருந்துக்கு இதைவிட நல்ல சந்தை வேறெங்கு கிடைக்கும்?

அதே காலத்தில் கம்போடியா, லாவோஸ், மியன்மார், தாய்லாந்து, வியட்நாமில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கடைகளில் வாங்கின 104 ஆர்ட்டெசுனேட் மாதிரிகளைச் சோதித்தபோது 38 வீதத்தில் அந்த மருந்தே இல்லை என்று 2001இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். சில போலிகளில் சுண்ணாம்பும் மாவும். சிலவற்றில் பரசிட்டமோல்: காய்ச்சல் இறங்கும், ஆள் தேறினது போல இருக்கும், கிருமி உள்ளே பெருகும். இன்னும் சிலவற்றில் உண்மை மருந்தே கொஞ்சூண்டு. அதுதான் மிக மோசம் என்பேன். நோயாளியைக் காப்பாற்றாது, கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடும். சீனக் கம்பனியின் பெட்டியில் இருந்த ஹொலோகிராமையும் பிரதி எடுத்திருந்தார்கள். பிறகு இன்டர்போலும் சேர்ந்த ஒரு விசாரணையில் 391 மாதிரிகளில் 195 போலி என்று தெரிந்தது. குளிசைக்குள் ஒட்டியிருந்த மகரந்தத்தை வைத்து அது உருவான பிரதேசத்தையும் தேடினார்கள்.

இங்கே ஏன் அந்த அளவுக்கு நடக்கவில்லை? நாங்கள் நேர்மையான சனம் என்பதால் அல்ல. மலேரியா மருந்து எங்களுக்கு அநேகமாகக் கடைச் சரக்காக இருக்கவில்லை. மலேரியாத் தடை இயக்கத்து ஆட்கள் வந்து விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்து, குளிசையைச் சும்மா கொடுத்தார்கள். சும்மா கிடைக்கிற சாமானுக்கு எவன் போலி செய்வான்? பிறகு வந்த ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்தையும் பாமசிகளுக்கு விடாமல் இயக்கமே கையில் வைத்துக்கொண்டது.

இதற்குப் பின்னால் சேனக பிபிலேயின் நிழலும் இருக்கிறது. 1971இல் அவர் தலைமையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது, மருந்தைப் பெயருக்காக வாங்காமல் உள்ளே இருக்கிற சரக்குக்காக வாங்குவோம் என்றார்கள். பன்னாட்டுக் கம்பனிகள் உடனே தரம், தரம் என்று கத்தின. 'தரமில்லை' என்ற சொல் சில நேரம் எச்சரிக்கை, சில நேரம் வியாபார ஆயுதம். ஆனால் அரசாங்கம் வாங்கினால் தரம் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான், 2023இல், போலி ஆவணத்தோடு வந்த இம்யூனோகுளோபுலின் அரச ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே போனது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானார். ஒரே வாசல்தான் என்றால் அந்த வாசலில் நிற்பவன் உறங்கக் கூடாது.

2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றின மலேரியா இல்லாமல் போக, 2016 செப்டெம்பர் 5ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதே வருஷக் கடைசியில் மன்னாரில் நகரத்துக் கிணறுகளிலும் வளரக்கூடிய ஸ்டீபென்சி நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். வெளிநாடு போய் வருபவர்கள் இன்றும் காய்ச்சலோடு இறங்குகிறார்கள்.

எங்கட மச்சான் ஒருவர் ஆபிரிக்காவில் கல் வியாபாரத்துக்குப் போய் வந்தவர். வந்த கிழமை நடுங்கத் தொடங்கிவிட்டது. அங்கே சந்தையில் வாங்கின குளிசை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதைக் குடிச்சா விட்டுரும், போன முறையும் விட்டது" என்று பிடிவாதம். உம்மம்மா அந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. அழகான பெட்டி, பளபளக்கிற எழுத்து.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மலேரியா என்றார்கள். இயக்கத்திலிருந்து வந்தவர் மருந்தைக் கையில் கொடுத்து, தண்ணிப் போத்தலையும் நீட்டி, விழுங்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றார். சட்டைப்பை அட்டையைக் கேட்டு வாங்கி ஒரு உறையில் போட்டுப் பெயரும் திகதியும் எழுதினார்.

"அது கசக்குதா என்று பாத்தீங்களா?" என்று உம்மம்மா அவரிடம் கேட்டா. அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு உறையை ஒட்டினார்.